மூவர் உரைத்த செய்தி: உலகச் செய்தி நிறுவனங்களின் வரலாறு

திருக்குறளின் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என்றோர் அதிகாரம் உண்டு. அரசன் செய்தி அறியும் நெறியைப் பத்துக் குறட்பாக்களில் வகுத்துரைக்கும் பகுதி அது. அதில் வள்ளுவர் விதிக்கும் நிபந்தனை ஒன்று இன்றும் எண்ணத்தக்கது. ஒற்றராகச் செல்வோர் ஒருவரை மற்றவர் அறியாதிருத்தல் வேண்டும்; அத்தகைய மூவர் தனித்தனியே கொணர்ந்த செய்தி தம்முள் ஒத்திருந்தால் அதனை மெய்யெனக் கொள்ளலாம் என்பது அந்த நிபந்தனையின் சாரம். இங்கே மூன்று என்னும் எண்ணைக் காட்டிலும், ‘ஒருவரையொருவர் அறியாமை’ என்பதே முதன்மையானது. தமக்குள் கூடிப் பேசிவிட்டு வரும் மூவரை மூன்று சாட்சிகளாக எந்த அறமன்றமும் ஏற்பதில்லை. ஒரு சாட்சியே மூன்று முறை எண்ணப்பட்டதாகத்தான் அதற்குப் பொருள்.

நாம் நாள்தோறும் வாசிக்கும் உலகச் செய்திகளுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஓர் அயல்நாட்டுப் போரைப் பற்றிப் பத்து ஏடுகள் எழுதுகின்றன. பத்தும் ஒன்றையே சொல்கின்றன. ஆகவே அது உறுதி என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்தப் பத்துக்கும் ஊற்று ஒன்றே என்பது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. நம் வட்டத்தின் கூட்டங்களில் வாசிக்கப்பெறும் கவிதைகளுள் கணிசமானவை கண்காணா நாடுகளின் துயரத்தைப் பாடுபவை. அவற்றின் உணர்ச்சி கவிஞருக்குச் சொந்தம். செய்தியோ கடன் வாங்கியது. அந்தக் கடன் எவரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்னும் வரலாற்றை அறிவது எழுதுவோர்க்குப் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மொழிபெயர்ப்பில் பிறந்த தொழில்

செய்தி நிறுவனம் என்னும் அமைப்பு ஒரு மொழிபெயர்ப்புக் கூடத்தில் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. பாரிசில் சார்ல் லூயி ஹவாஸ் என்பவர் 1832 அளவில் அயல்நாட்டு ஏடுகளை வாங்கி, வேண்டிய பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்து, அரசு அலுவலர்க்கும் வணிகர்க்கும் ஏடுகளுக்கும் விற்று வந்தார். 1835இல் அது ஹவாஸ் செய்தி நிறுவனமாக உருப்பெற்றது. உலகின் முதற் செய்தி நிறுவனமாகக் கருதப்படுவது இதுவே.

இதன் உட்பொருளை முதலில் கண்டு சொன்னவர் ஓர் இலக்கியவாதி. நாவலாசிரியர் பால்சாக் 1840இல் தாம் நடத்திய இதழில் இதைப் பற்றி எழுதினார். பாரிசில் பல நாளேடுகள் இருப்பதாக மக்கள் எண்ணுகிறார்கள்; உண்மையில் இருப்பதோ ஒன்றுதான்; அதை ஹவாஸ் தயாரிக்கிறார்; ஏனையோர் அதற்குத் தத்தம் கட்சியின் வண்ணத்தைப் பூசிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சுருக்கம். நிறுவனம் தோன்றி ஐந்தே ஆண்டுகளில் எழுந்த குரல் இது. பின்னர் நூறாண்டுக் காலம் உலகெங்கும் நடக்கவிருந்ததை ஒரே நகரத்தில் வைத்து அவர் கண்டுவிட்டார் எனலாம்.

ஹவாசிடம் 1848 அளவில் பணிபுரிந்த இரு ஜெர்மானியர் தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியேறினர். ஒருவர் பெர்ன்ஹார்ட் வோல்ஃப். 1849இல் பெர்லினில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். மற்றவர் பால் ஜூலியஸ் ராய்ட்டர். 1850இல் பெர்லினிலிருந்து ஆகன் நகர் வரையிலும், பாரிசிலிருந்து பிரசல்ஸ் வரையிலும் தந்திக் கம்பி வந்திருந்தது. இடையிலோ கம்பி இல்லை. அந்த இடைவெளியை ராய்ட்டர் புறாக்களைக் கொண்டு நிரப்பினார். பங்குச் சந்தை விலைகளைச் சுமந்த அப்புறாக்கள் ரயிலை முந்தின. கம்பி இணைந்ததும் புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவர் 1851இல் லண்டனுக்குப் பெயர்ந்தார். அவ்வாண்டிலேயே டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடிக் கம்பி செயற்படத் தொடங்கியது. கம்பி எங்கே முடிகிறதோ அங்கே கடை விரிப்பது என்பதே ராய்ட்டரின் வணிக நுட்பமாக இருந்தது.

அக்காலத்தின் வேகத்தை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார்; மறுநாட் காலை உயிர் துறந்தார். லண்டன் அதை அறிந்த நாள் ஏப்ரல் 26. கப்பல் கடந்த தூரமே செய்தியின் தாமதம். அடுத்த ஆண்டில் அட்லாண்டிக் கடலடிக் கம்பி நிலைபெற்றதும் பன்னிரண்டு நாள் என்பது மணிக்கணக்காகச் சுருங்கியது.

உலகைப் பங்கிட்ட ஒப்பந்தம்

கம்பிச் செலவு பெரிது. மூன்று நிறுவனங்களும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி ஆட்களை வைத்துக்கொள்வது இலாபம் தராது. எனவே 1850களின் இறுதியிலேயே அவை செய்திப் பரிமாற்றத்துக்கு இணங்கின. 1870 ஜனவரியில் அந்த இணக்கம் உலகப் பங்கீடாகவே வடிவெடுத்தது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதும், பின்னர்க் கிழக்காசியாவும் ராய்ட்டருக்கு. பிரான்சும் அதன் குடியேற்றங்களும் இத்தாலியும் ஸ்பெயினும் போர்ச்சுகலும், பின்னாளில் தென்னமெரிக்காவும் ஹவாசுக்கு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்காண்டிநேவிய நாடுகள், ருஷ்யா ஆகியவை வோல்ஃபுக்கு. அமெரிக்காவில் 1846இல் தோன்றிய அசோசியேட்டட் பிரஸ் இம்மூவர்க்கும் அடங்கிய இளைய பங்காளியாயிற்று. அவரவர் எல்லைக்குள் செய்தி திரட்டுவதும் விற்பதும் அவரவர்க்கே உரிமை. பிறர் எல்லையில் நடப்பதை அவர்களிடமிருந்தே பெற வேண்டும்.

இந்தப் பங்கீடு நடைமுறையில் என்ன செய்தது என்பதை நோக்க வேண்டும். கல்கத்தாவில் ஒரு கலகம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டு எழுதுபவர் ராய்ட்டரின் ஆள். அவருடைய தந்தி லண்டனுக்குச் செல்கிறது; அங்கே திருத்தப்படுகிறது; அங்கிருந்து பாரிசின் ஹவாசுக்கும் பெர்லினின் வோல்ஃபுக்கும் நியூயார்க்குக்கும் செல்கிறது. மூன்று நகரங்களின் ஏடுகள் மூன்று நிறுவனங்களின் பெயரில் அதை வெளியிடுகின்றன. வாசிப்பவர் மூன்று சாட்சி என்கிறார். கண்டதோ ஒரு கண். வள்ளுவர் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதுவே உலகச் செய்தியின் அமைப்பு விதியாகிவிட்டது.

அந்த ஒரு கண்ணும் தன்னுரிமையுடையது அன்று. வோல்ஃப் நிறுவனத்துக்கும் பிரஷ்ய அரசுக்கும் 1869இல் ஓர் இரகசிய உடன்படிக்கை ஏற்பட்டது. பிஸ்மார்க்கின் அரசு பொருளுதவி செய்தது. அரசியற் செய்திகளை மேற்பார்வையிடும் உரிமையை மாற்றாகப் பெற்றது. ஹவாஸ் ஒரு கையால் செய்தியும் மறு கையால் விளம்பரமும் விற்றது. பிரெஞ்சு அரசின் உதவியும் அதற்குக் கிடைத்தது. ராய்ட்டரின் தலைவர் ரோடரிக் ஜோன்ஸ் 1918இல் அப்பதவியில் இருந்துகொண்டே பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்தில் பிரசாரப் பொறுப்பையும் வகித்தார். பொய்யை எழுத வேண்டிய தேவைகூட இவர்களுக்கு அரிதாகவே நேர்ந்தது. எதை அனுப்புவது, எதை விடுவது என்னும் தெரிவே போதுமானதாக இருந்தது.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலடிக் கம்பியில் சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம். ஆகவே இடைச்சொற்களும் இணைப்புச் சொற்களும் நீக்கப்பட்டு, இரண்டு சொற்கள் ஒட்டி ஒன்றாக்கப்பட்டு, செய்தி எலும்புக்கூடாகவே பயணம் செய்தது. சேருமிடத்தில் ஒருவர் அதற்குச் சதை வைத்து வாக்கியமாக்கினார். ‘கூட்டம் கலைக்கப்பட்டது’ என்னும் பொருள்படும் ஒரு சொல் வந்தால், எத்தகைய கூட்டம், எவ்வாறு கலைக்கப்பட்டது என்பதெல்லாம் அந்தச் சதை வைப்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருந்த சித்திரத்தைப் பொறுத்தது. சொற்சுருக்கம் கவிதைக்கு வலிமை. கவிஞன் விடும் இடைவெளியை வாசகன் தன் வாழ்வால் நிரப்புகிறான். தந்தி விட்ட இடைவெளியை ஆட்சியின் வழக்கமே நிரப்பியது.

இந்தியாவுக்கு வந்த கம்பி

ராய்ட்டர் 1866இல் பம்பாயில் அலுவலகம் திறந்தது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக இங்கிலாந்துக்குக் கடலடிக் கம்பி இணைப்பு முற்றுப்பெற்றது. பங்கீட்டு ஒப்பந்தமும் அவ்வாண்டினதே. இந்தியாவுக்குள் வரும் உலகச் செய்தியும் இந்தியாவிலிருந்து உலகுக்குச் செல்லும் செய்தியும் ஒரே வாயிலின் வழியே நடக்கலாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கே.சி. ராய் நிறுவிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும் சில ஆண்டுகளுக்குள் ராய்ட்டரின் கைக்குள் வந்தது.

தமிழில் இந்தச் செய்திகளுக்குச் சொல் கொடுத்தவை நம் முன்னோடி ஏடுகள். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளேடாயிற்று. 1904 நவம்பரில் அதன் துணையாசிரியராகச் சேர்ந்தவர் சுப்பிரமணிய பாரதி. ருஷ்ய – ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆங்கிலத்தில் வரும் தந்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவர் பணிகளுள் ஒன்று. ஹவாசின் தொழில் எதில் தொடங்கியதோ அதே மொழிபெயர்ப்பில்தான் தமிழின் புதிய உரைநடையும் ஒரு பங்கு வளர்ந்தது. சொல் இல்லாத பொருள்களுக்கு இரவோடிரவாகச் சொல் தேட வேண்டிய நெருக்கடி, அகராதி அறிஞரைவிடத் துணையாசிரியர்க்கே மிகுதி.

பாரதி ‘பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து’, ‘புதிய ருஷியா’ ஆகிய கவிதைகளைப் பாடினார். உலக நிகழ்ச்சியை உடனுக்குடன் தமிழ்க் கவிதையின் பொருளாக்கிய பெருமை அவரைச் சாரும். 1914இல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது மெய். அந்தச் சிறுநாடு எதிர்த்து நின்றதும் மெய். எனவே கவிஞரின் நெஞ்சம் தவறான இடத்தில் உருகவில்லை. ஆயினும் அந்தச் செய்தி நம் நாட்டை எட்டிய விரைவையும் முழுமையையும் வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1885 முதல் 1908 வரை காங்கோ நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. ரப்பர்ப் பாலுக்காக அந்நாட்டு மக்கள் அடிமைகளாக வாட்டப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன, ஊர்கள் அழிந்தன.

அக்கொடுமை உலகுக்குத் தெரிந்தது பெரும்பாலும் செய்தி நிறுவனங்களால் அன்று. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பற் கணக்கு பார்த்த எட்மண்ட் மோரெல் என்னும் எழுத்தர், காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் வருவதையும், அங்கே செல்லும் கப்பல்களில் பண்டங்களுக்கு மாறாகத் துப்பாக்கியும் தோட்டாவும் செல்வதையும் கண்டார். விலை கொடாமல் பொருள் வருகிறது என்றால் அது அடிமை உழைப்பே என்று கணக்கேட்டிலிருந்தே அவர் முடிவுக்கு வந்தார். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரிற் சென்று கண்டு எழுதிய அறிக்கை 1904இல் வெளிவந்தது. சமயத் தொண்டரான ஆலிஸ் ஹாரிஸ் என்னும் அம்மையார் நிழற்படங்கள் எடுத்தார். கணக்கர், தூதர், சமயத் தொண்டர் ஆகிய மூவரும் தனித்தனித் தொழிலினர். மூவரும் தனித்தனி வழியில் உண்மையை அடைந்தவர்கள். மூவர் சொல்லும் ஒத்தது. வள்ளுவர் கேட்ட சான்று இதுவே. லியோபோல்டு காங்கோவைக் கைவிட நேர்ந்ததற்கு இந்த ஒப்புமை பெரிதும் காரணமாயிற்று.

எல்லைக்கு வெளியே நின்ற சாட்சி

பங்கீட்டின் தீங்கு அதன் இளைய பங்காளிக்கே ஒரு நாள் உறைத்தது. 1914இல் போர் தொடங்கியபோது அர்ஜென்டினாவின் ‘லா நாசியோன்’ ஏடு, ஜெர்மானியர் தரப்பின் போரறிக்கைகளையும் தனக்கு அனுப்புமாறு அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரசுக்குத் தந்தி கொடுத்தது. தென்னமெரிக்கா ஹவாசின் எல்லை. ஹவாசோ நேச நாடுகளின் அறிக்கைகளை மட்டுமே வழங்கியது. ஒப்பந்தத்தை மீற முடியாமல் அசோசியேட்டட் பிரஸ் கைகட்டி நின்றது. அதன் அலுவலரும் பிற்காலத் தலைவருமான கென்ட் கூப்பர் இதை மறக்கவில்லை. தம் நாட்டைப் பற்றி ராய்ட்டர் உலகுக்குச் சொன்னவை பெரும்பாலும் வெறிக்கொலைகளும் விந்தைக் குற்றங்களுமே என்று அவர் பின்னர் மனம் கசந்து எழுதினார். பிறரால் மட்டுமே சொல்லப்படும் நாட்டின் மனக்குறை அது. வல்லரசாகிக்கொண்டிருந்த அமெரிக்காவும் ஒரு காலத்தில் அக்குறையைச் சொன்னது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் இதன் விளைவு இரத்தத்தோடு கலந்தது. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசின் கணக்கிலேயே 379 பேர் மாண்டனர். காங்கிரசின் விசாரணை அதைவிடப் பன்மடங்கு கூறியது. பஞ்சாபில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, தணிக்கை இறுக்கப்பட்டது. உண்மையை வெளியிட முயன்ற ‘பாம்பே கிரானிக்கிள்’ ஆசிரியர் பி.ஜி. ஹார்னிமன் அம்மாத இறுதியில் நாடு கடத்தப்பட்டார். கொடுமையின் முழு அளவைப் பிரிட்டிஷ் மக்கள் அறிந்தது, ஹண்டர் குழுவின் முன் ஜெனரல் டயர் சாட்சியம் அளித்த பின்னர், டிசம்பரில்தான். லிங்கனின் மரணம் கப்பலேறிப் பன்னிரண்டு நாளில் லண்டன் சேர்ந்தது. அமிர்தசரசின் மரணங்கள், கம்பி இருந்தும், அங்கு முழுமையாகச் சேர எட்டு மாதங்கள் ஆயின. கருவியின் வேகம் செய்தியின் வேகம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதினோராண்டுகளுக்குப் பின் நிலைமை வேறாக அமைந்தது. அமெரிக்காவில் 1907இல் தொடங்கப்பட்ட யுனைடெட் பிரஸ் நிறுவனம் அப்பங்கீட்டில் சேராமல் வெளியே நின்றது. அதன் செய்தியாளர் வெப் மில்லர் 1930 மே 21 அன்று குஜராத்தின் தாராசனா உப்பளத்துக்குச் சென்றார். காந்தியடிகள் சிறையில் இருந்தார். அறப்போருக்குத் தலைமை தாங்கியவர் கவிஞர் சரோஜினி நாயுடு. வரிசை வரிசையாக முன்னேறிய தொண்டர்கள் கையுயர்த்தித் தடுக்காமலே இரும்புப் பூணிட்ட தடியடிகளை ஏற்று வீழ்ந்ததை மில்லர் கண்டார். தற்காலிக மருத்துவமனைக்குச் சென்று காயமுற்றவர்களை ஒவ்வொருவராக எண்ணினார்: 320 பேர், இருவர் இறந்திருந்தனர். அவருடைய தந்தியைத் தடுக்க முயற்சி நடந்தது. எனினும் அது சென்று சேர்ந்தது. உலகெங்கும் 1,350 ஏடுகளில் வெளியாயிற்று. அமெரிக்கச் செனட் சபையின் பதிவிலும் இடம்பெற்றது.

இங்கும் 1,350 ஏடுகளுக்கு ஊற்று ஒன்றே என்பதை மறைப்பதற்கில்லை. வேறுபாடு எங்கே உள்ளது? மில்லர் தாமே அங்கு நின்றார், தாமே எண்ணினார், ஆட்சியாளர் உரைத்ததோடு ஒத்திட்டுப் பார்க்கத் தனித்ததொரு கூற்றை உலகுக்குத் தந்தார். அதுவரை ஒரு குரல் இருந்த இடத்தில் இரண்டாவது குரல் எழுந்தது. அதன் பின் மறுப்பது எளிதாக இல்லை.

பங்கீடு 1934இல் முடிவுற்றது. கூப்பர் ஜப்பானிய நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொண்டதும், ராய்ட்டர் பணிந்து சமநிலை உடன்படிக்கைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11, பாரதியின் நினைவு நாளில், சென்னையில் ‘தினமணி’ தோன்றியது. அதை நிறுவிய எஸ். சதானந்த், ராய்ட்டரின் பிடிக்கு வெளியே இந்தியர்க்கென ஒரு செய்தி நிறுவனம் காண முயன்று ‘ஃப்ரீ பிரஸ்’ செய்திப் பணியை நடத்தியவர். அரசு கேட்ட பிணைத் தொகைகளும் பண நெருக்கடியும் அம்முயற்சியை 1930களின் நடுவிலேயே வீழ்த்தின. வீழ்ந்தாலும் வழி காட்டிய முயற்சி அது.

விடுதலைக்குப் பின்னர்

இந்தியா விடுதலை பெற்ற பன்னிரண்டாம் நாள், 1947 ஆகஸ்ட் 27 அன்று, பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா நம் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. ‘இந்து’ நாளேட்டின் கஸ்தூரி சீனிவாசன் அதன் முதல் தலைவர். 1949 பிப்ரவரி 1 முதல் அது பணியை ஏற்றது. சில ஆண்டுகள் ராய்ட்டரின் கூட்டாளியாக இருந்து, 1953இல் தனித்து நின்றது. நாட்டுச் செய்தி நம் கைக்கு வந்தது. உலகச் செய்தியோ பெரும்பாலும் ராய்ட்டர், அசோசியேட்டட் பிரஸ், யுனைடெட் பிரஸ், 1944இல் ஹவாசின் இடத்தில் எழுந்த ஏ.எஃப்.பி. ஆகியவற்றின் வழியாகவே வந்துகொண்டிருந்தது. சோவியத் நாட்டின் ‘தாஸ்’ அதன் அரசின் குரல். ஆகவே அதுவும் மாற்றுச் சாட்சியாக முடியவில்லை.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. 1975 ஜனவரியில் யூகோஸ்லாவியாவின் ‘தான்யுக்’ நிறுவனம் அணிசேரா நாடுகளின் செய்திப் பொதுமத்தைத் தொடங்கியது. 1976 ஜூலையில் புதுதில்லியில் கூடிய மாநாடு அதற்கு அமைப்பு வகுத்தது. ஆகஸ்டில் கொழும்பு உச்சி மாநாடு இசைவளித்தது. செய்தித் துறையில் ஏகாதிபத்தியம் ஒழிய வேண்டும் என்று தில்லியில் முழங்கப்பட்டது. முழக்கம் நியாயமானது. ஆனால் அந்நாளில் தில்லியின் நிலை என்ன? நெருக்கடி நிலை, பத்திரிகைத் தணிக்கை, நாட்டின் நான்கு செய்தி நிறுவனங்களும் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே ‘சமாச்சார்’ என்னும் ஒற்றை அமைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தன. உலகுக்குப் பல குரல் வேண்டும் என்று கேட்டவர்கள் வீட்டில் நான்கு குரலை ஒன்றாக்கிவிட்டுக் கேட்டார்கள். 1978இல்தான் அந்நான்கும் மீண்டும் பிரிந்தன. அரசுகள் தமக்குள் பரிமாறிக்கொண்ட அறிக்கைகளையே பெரிதும் சுமந்த பொதுமம் நாளடைவில் நலிந்தது. பங்கீட்டின் மூவர்க்கும் இதற்கும் குறை ஒன்றே: ஒற்றரை அரசனே எழுதி அனுப்புகிறான்.

1980இல் ஷான் மக்பிரைடு தலைமையில் யுனெஸ்கோ அமைத்த ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. பதினாறு உறுப்பினருள் இந்தியாவின் பி.ஜி. வர்கீசும், கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேசும் இருந்தனர். செய்தி ஒருவழிப் பாதையாக ஓடுவதை அறிக்கை எடுத்துரைத்தது; தணிக்கையையும் கண்டித்தது. இரு தரப்புக்கும் உவக்காத நூல் அது. அமெரிக்கா 1984 இறுதியிலும் பிரிட்டன் 1985 இறுதியிலும் யுனெஸ்கோவை விட்டு வெளியேறின. பல ஆண்டுகள் கழித்தே திரும்பின.

தனி மனிதரின் சொல்

அரசுகளும் நிறுவனங்களும் தோற்ற இடத்தில் எழுத்தாளர் ஒருவர் செய்ததைக் கூறாமல் விடலாகாது. அர்ஜென்டினாவின் சிறுகதை ஆசிரியர் ரோடோல்ஃபோ வால்ஷ், 1959இல் ஹவானாவில் ‘பிரென்சா லத்தீனா’ செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மார்க்கேசும் அந்நிறுவனத்தில் பணியாற்றியவரே. 1976இல் அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, வால்ஷ் தலைமறைவாக ஒரு செய்தி நிறுவனம் நடத்தினார். தட்டெழுதிய தாள்கள், அஞ்சலுறைகள், செய்தியாளர்களின் முகவரிகள். அவ்வளவே அதன் மூலதனம். காணாமற்போனவர்களைப் பற்றிய உண்மை அந்த உறைகளில் நாடு கடந்தது. ஆட்சியின் முதலாண்டு நிறைந்த 1977 மார்ச் 24 அன்று இராணுவக் குழுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி முடித்தார். மறுநாள் அவரே சுட்டு வீழ்த்தப்பட்டார். அவர் உடல் கிடைக்கவில்லை.

செய்தி நிறுவனங்கள் அனைத்தும் எப்போதும் ஆட்சியின் கருவிகளே என்று இதனால் முடிவு கட்டுவது பிழையாகும். 2017இல் மியான்மரின் இன்டின் என்னும் சிற்றூரில் பத்து ரோஹிங்கியா ஆடவர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அதை வெளிக்கொணர்ந்தவர்கள் ராய்ட்டரில் பணிபுரிந்த வா லோன், கியாவ் சோ ஊ என்னும் அந்நாட்டுச் செய்தியாளர் இருவர். அவர்கள் திரட்டிய சான்றுகளைப் பாருங்கள். கொலையில் பங்கேற்றதை ஒப்புக்கொண்ட உள்ளூர்ப் பௌத்தர்கள் ஒரு புறம். பாதுகாப்புப் படையைச் சேர்ந்தோர் மறு புறம். வங்கதேச முகாம்களில் தஞ்சம் புகுந்த உறவினர்கள் வேறொரு புறம். ஒருவரோடொருவர் கலந்து பேச வாய்ப்பே இல்லாத முத்தரப்பார் உரைத்தது ஒத்திருந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையான விதி அங்கே நிறைவேறிற்று. செய்தியாளர் இருவரும் 500 நாட்களுக்கு மேல் சிறையிலிருந்து 2019 மே மாதம் விடுதலையானார்கள். கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரர்கள் அவர்களைவிடக் குறைந்த காலமே சிறையில் இருந்தனர்.

இன்று கம்பியும் இல்லை. சொல்லுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு நிகழ்ச்சி நடந்த சில நொடிகளில் ஆயிரம் திரைகளில் அதன் செய்தி மின்னுகிறது. ஆயினும் தொலைவான போர்க்களத்துக்கு ஆளனுப்பும் வசதி இன்றும் ராய்ட்டர், அசோசியேட்டட் பிரஸ், ஏ.எஃப்.பி. போன்ற மிகச் சிலவற்றுக்கே உண்டு. ஆயிரம் திரைகளில் தோன்றுவது பெரும்பாலும் அவற்றுள் ஒன்றின் வாக்கியமே. அல்லது ஊற்றே அறியப்படாத ஒரு வதந்தி. எதிரொலி பெருகியிருக்கிறது, சாட்சி அந்த அளவுக்குப் பெருகவில்லை. பால்சாக் பாரிசில் கண்டதை நாம் உலகளவில் காண்கிறோம்.

ஆகவே நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அயல்நாட்டுத் துயரத்தைப் பாடாதீர்கள் என்று எவரும் சொல்ல மாட்டார். பாரதி திறந்த அந்த வாயிலை அடைப்பது தமிழுக்கு இழப்பு. பாடுமுன் செய்தியின் தலைமாட்டில் உள்ள ஊர்ப் பெயரையும், அதன் அருகில் உள்ள நிறுவனத்தின் பெயரையும் ஒரு முறை வாசியுங்கள். கண்டவர் யார்? அவர் அங்கே நின்றாரா, இன்னொருவர் சொல்லக் கேட்டாரா? அவரை அறியாத வேறொருவர் அதையே சொல்கிறாரா? விடை கிடைத்தால் கவிதையின் அடி உறுதிப்படும். கிடைக்காவிட்டாலும், கம்பி எட்டாத ஒரு காங்கோ எங்கோ இருக்கிறது என்னும் நினைவாவது எழுதும் கையில் தங்கும்.